இலக்கிய விருந்து குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம்; உங்கள் வீட்டில் எல்லோரும் நலந்தானே? நண்பர்களை அழைத்து இலக்கிய விருந்து ஒன்று வைக்கப்போவதாக எழுதி, யோசனையும் கேட்டிருந்தீர்கள். சென்ற மாதம் எங்கள் வீட்டிலும் அப்படியொரு விருந்து நடந்ததால், சொல்வதற்கு எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

பதார்த்தங்களுக்குக் கதாபாத்திரங்களின் பெயரைச் சூட்டிச் சுவரில் எழுத்தாளர் படங்களை மாட்டுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதில் வேடிக்கை உண்டு, இலக்கியம் இல்லை. ஒருவர் இன்னொருவருக்குச் சமைத்துப் பரிமாறும் காட்சி ஒன்றைத் தேர்ந்து, சமையலையும் பேச்சையும் அதைச் சுற்றியே அமைப்பதுதான் சரியென்பது என் கட்சி.

நாங்கள் எடுத்துக்கொண்டது கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாடல், 167ஆவது. மனைவி ஒருத்தி, முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் மண்ட, தானே துழாவிச் சமைத்த புளிப்பான குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்ந்ததாம். அதைப் பார்த்து வந்த, அவளை வளர்த்த செவிலித்தாய், பெற்றவளான நற்றாயிடம் சொல்வதாக அமைந்த பாட்டு. இலைபோடும் முன் ஒருவர் அதை இருமுறை வாசித்தார். குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்ததா, அல்லது அவன் அன்பினால் அப்படிச் சொன்னானா என்று ஒரு நண்பர் கேட்டதும் பேச்சு சூடுபிடித்தது. பாட்டில் செய்முறை கிடையாது என்பதால், தயிரையும் புளிப்பையும் தவிர மற்றதெல்லாம் எங்கள் ஊகந்தான். உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கிறது என்றவருக்கு, ‘இனிது’ என்று சொல்லிப் பழகும்படி அறிவுரை கிடைத்தது!

பேச்சுக்கு முறை வேண்டுமானால், அகத்தோன் என்ற நாடகாசிரியர் கி.மு. 416இல் வெற்றி பெற்றதையொட்டி அவர் வீட்டில் நடந்ததாகக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதிய விருந்தைப் பாருங்கள். அங்கே சாப்பாடு முடிந்த பிறகே, காதலைப் பற்றி ஒருவர்பின் ஒருவராகப் பேசுகிறார்கள். நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸுக்கு விக்கல் வந்துவிடவே, அவர் முறையை அடுத்திருந்த மருத்துவர் வாங்கிக்கொள்கிறார். இறுதியில் ஏதென்ஸ் நகர அரசியல்வாதி அல்சிபயாடீஸ் அழையாமலே, குடிபோதையில் வந்து நுழைகிறார். நிகழ்ச்சிநிரலை அவ்வளவு தளர்வாக வைத்துக்கொண்டால் போதும்.

எட்டுப் பேருக்கு மேல் அழைக்காதீர்கள். மிஞ்சினால் பந்தி இரண்டு அரட்டைகளாகப் பிரிந்துவிடும். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை முன்னரே கேட்டுவிடுங்கள். வாசிக்கப்போகும் பகுதி ஒரு பக்கத்தைத் தாண்டாமலிருப்பது முக்கியம், ஏனெனில் பசியோடு இருப்பவர்கள் நாவலின் ஓர் அத்தியாயம் முழுவதையும் பொறுத்துக் கேட்கமாட்டார்கள். எதைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நாள் முடிவானால் தெரிவியுங்கள், அழைக்காவிட்டாலும் வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்