பாட்டு போட எந்தப் பெட்டி?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் சௌக்கியம். சின்னவளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

கோயில் கொடை சீசன் முடிந்ததும் வீட்டிலேயே ட்ராக் போட ஆரம்பிக்கப் போவதாக எழுதியிருந்தாய். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அடுத்தவர் ஸ்டுடியோவில் முறைக்காகக் காத்துக் கிடந்து, அவர்கள் தரும் அரைமணி நேரத்தில் வாசித்துவிட்டு வந்தவன் நீ. இனி ராத்திரி தோன்றிய மெட்டை ராத்திரியே பதிந்து வைக்கலாம். 30,000 ரூபாய்க்குள் நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பார்க்கச் சொன்னாய் அல்லவா, போன சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போய் வந்தேன். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிடும் கம்ப்யூட்டர்கள் அந்தத் தெருக் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

பார்த்தவரையில் என் முடிவு: லேப்டாப்பை விடு, ஆபீஸில் ஓடிய டெஸ்க்டாப் வாங்கு.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று இன்டெல் ஐ7 ப்ராசஸர் போட்ட ஒரு லேப்டாப். ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஏழாம் தலைமுறை 7500யு. உள்ளே இருப்பது இரண்டே கோர், அதாவது வேலை பார்க்கிற மூளை இரண்டே. அடுத்த தலைமுறையில் சாதாரண ஐ5 8250யு-விலேயே நான்கு கோர் வந்துவிட்டது. தலைமுறைதான் முதல் கேள்வி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறும் ஏழும் மலிவாகக் கிடைக்கும், தொடாதே.

மகளின் யுஎஸ்பி கீபோர்டையும் மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற என் ஆடியோ இன்டர்ஃபேஸையும் ஹெட்ஃபோனையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் நல்ல மனுஷன், மேஜை ஒதுக்கிக் கொடுத்தார். அந்த லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளைப் போட்டு, பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் துண்டின் அளவை) 128 சாம்பிளில் வைத்து, ஸ்ட்ரிங்ஸ் மேல் ஸ்ட்ரிங்ஸாக மூன்று அடுக்கு ஏற்றி, பெடலை மிதித்தபடி இரண்டு கையாலும் கார்டு பிடித்தேன். கடுகு வெடிப்பதுபோலப் பட் பட்டென்று சத்தம். பஃபரை 512-க்கு ஏற்றினால் சத்தம் நின்றது, ஆனால் விரல் அழுத்தியதற்கும் காதில் விழுவதற்கும் நடுவே இடைவெளி. கணக்குப் பார்: செகண்டுக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலித் துளி, என்ற வேகத்தில் 128 என்றால் 2.9 மில்லிசெகண்ட், 512 என்றால் 11.6. இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் இதற்கு மேலே. வேகமான சங்கதி வாசிக்கிற உன் கை அதைத் தாங்காது, தாளம் தானாகப் பின்னுக்கு இழுக்கும்.

அதே ப்ராஜெக்டை எட்டாம் தலைமுறை ஐ5 8500 போட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ் டெஸ்க்டாப்பில் திறந்தேன். ஆறு கோர். பஃபர் 128-இலேயே சுத்தமாக ஓடியது. ஒரு ட்ராக்கில் வரிசையாக மாட்டிய ப்ளக்இன்கள் (ஒலியை உருவாக்கும், மாற்றும் குட்டி மென்பொருள்கள்) ஒன்று முடித்த பிறகே அடுத்தது ஆரம்பிக்கும். அதனால் அந்த வரிசை பெரும்பாலும் ஒரே கோரின் தலையில்தான் விழும். கோர் எத்தனை என்பதோடு ஒவ்வொன்றும் எவ்வளவு வேகம் என்பதும் முக்கியம். 8500-க்குப் பின்னால் டி என்ற எழுத்து இருந்தால் அது கரண்ட் குறைவாக எடுக்கும் ரகம்: உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ்தான். எழுத்தில்லாத 8500-க்கு 4.1. உள்ளங்கை அகல மினி பெட்டிகளில் அநேகமாக அந்த டி ரகம்தான் வரும். நீ கொஞ்சம் பெரிய பெட்டியையே எடு; ஃபேனும் பெரிசு, இரைச்சலும் குறைவு. ஒற்றை அறையில் பாடகரை வைத்துப் பதியப் போகிற உனக்கு இது சின்ன விஷயமில்லை. மைக்கின் முதுகு பெட்டியைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்.

ரேம் 16 ஜி.பி. வேண்டும். டெஸ்க்டாப் என்றால் பிறகு நீயே கழற்றிக் கூட்டலாம். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்கிறேன். நிஜ வாத்திய ஒலிகளைப் பதிந்து வைத்த பெரிய சாம்பிள் லைப்ரரி திறப்பதற்குள் காபி ஆறிவிடக் கூடாது. வாங்குமுன் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்பேன். வைஃபை டிரைவர் மாதிரி ஏதாவது குறுக்கே வந்து ஒலியைத் தடுக்கிறதா என்று காட்டிவிடும். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பில், பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆப்பிளின் மேக் பற்றிக் கேட்டிருந்தாய். 2020 கடைசியில் வந்த எம்1 மேக் மினி உண்மையிலேயே அருமை. ஃபேன் சத்தம் காதில் விழாது, ஆடியோவுக்குத் தனி டிரைவர் தொல்லையும் குறைவு. ஆனால் உன் பணத்துக்கு 8 ஜி.பி. ரகம்தான் கிடைக்கும்போல் இருக்கிறது, அதில் பிறகு ரேம் கூட்டவே முடியாது. 16 ஜி.பி. கையில் சிக்கினால் யோசிக்காமல் எடு. பழைய ஓனரின் ஆப்பிள் கணக்கு அதிலிருந்து நீங்கியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

பெட்டிக்கே எல்லாப் பணத்தையும் கொட்டாதே. பாதியை இன்டர்ஃபேஸுக்கும் ஹெட்ஃபோனுக்கும் ஒதுக்கு. இன்டர்ஃபேஸ் கம்பெனி கொடுக்கும் ஏசியோ என்ற தாமதம் குறைந்த ஆடியோ டிரைவர் இல்லாமல் விண்டோஸில் பஃபரை இந்த அளவுக்கு இறக்குவது கஷ்டம். அப்புறம் யுபிஎஸ் கட்டாயம் வேண்டும், லேப்டாப் மாதிரி பேட்டரி இல்லாததுதான் டெஸ்க்டாப்பின் ஒரே குறை. உன் வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடு. இல்லாவிட்டால் ம்ம்ம் என்று ஒரு ஹம் எல்லா டேக்கிலும் ஒட்டிக்கொண்டு வரும். ரீப்பரை 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், காசு அதற்குப் பிறகு.

சரி என்றால் புதன்கிழமைக்குள் போன் போடு, அந்த ஆப்டிப்ளெக்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன். மச்சினன் மாசக் கடைசியில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிறான், திருநெல்வேலியில் உன் கையிலேயே கொடுத்துவிடுவான். மானிட்டரை அங்கேயே வாங்கிக்கொள், ரயிலில் கொண்டுவந்தால் உடையும். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
ரவி