பயிற்சித் தாளைத் திருத்துங்கள்: கணினிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினிப் பிரிவு, பயிற்சிப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். புது மென்பொருள் வந்ததிலிருந்து வார்டுகள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. போன வாரம் நைட் ட்யூட்டியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஐசியூவிலிருந்து ஒரு பெரியவரை எங்கள் வார்டுக்கு மாற்றினார்கள். ஆள் கட்டிலுக்கு வந்துவிட்டார். கணினியில் மட்டும் ஐசியூவிலேயே இருந்தார். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் ஆன்டிபயாட்டிக்குக்கு இண்டெண்ட் (பார்மசியிடம் மருந்து கேட்கும் கோரிக்கை) போட்டால் திரை ஏற்கவில்லை. பார்மசியில் கேட்டால், "சிஸ்டத்தில் வராமல் தர முடியாது." எங்கள் வார்டு லாகினில் 'ஏற்றுக்கொள்' என்பதை ஒருமுறை அழுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பயிற்சித் தாளில் "டிரான்ஸ்ஃபர் மெனு விளக்கப்பட்டது" என்ற வரிக்கு நேரே டிக்கும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. மருந்து தாமதமானதற்கு விளக்கக் கடிதம் கேட்டிருப்பதும் அவரிடம்தான்.

அந்தத் தாள் மெனு வரிசையில் இருக்கிறது. நாங்கள் மெனு வரிசையில் வேலை செய்வதில்லை. "மாற்றி வந்த நோயாளியை ஏற்று, முதல் மருந்துக்கு இண்டெண்ட் போடு" என்று வேலையை வேலையாக எழுதுங்கள். கணினியில் ஒரு டம்மி நோயாளியின் பதிவை வைத்து, பக்கத்தில் யாரும் கை நீட்டாமல், அவரே செய்து முடித்த பிறகு டிக் போடுங்கள். முதல் ஷிஃப்டுக்குத் தேவையானது முதலில் வரட்டும். மாதாந்திர ரிப்போர்ட் எடுப்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நம் ஆபரேஷன் தியேட்டர் சுவரிலேயே ஒரு நல்ல பட்டியல் தொங்குகிறது: அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. பிறகு திருத்திய வடிவத்திலும் மொத்தம் 19 அம்சங்கள்தான். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்கிறது. "கத்திரிக்கோல் பற்றி விளக்கப்பட்டது" என்று அதில் எங்கும் இல்லை.

பயிற்சி நூறு சதவீதம் முடிந்தது என்று நோட்டீஸ் போர்டில் பச்சை நிறத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். சந்தோஷம். பில்லிங்கில் கோளாறு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் ஓடி வருகிறார். வார்டு கூப்பிட்டால் "டிக்கெட் போடுங்கள்", அதாவது புகாரைப் பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். சரி, அது வேறு மனு.

அடுத்த பேட்ச் சேருவதற்குள் பயிற்சித் தாளை வேலை வரிசையில் மாற்றித் தாருங்கள். எழுதும்போது நைட் பார்க்கும் சிஸ்டர் ஒருவரை உங்களுடன் உட்கார வையுங்கள். ஆளை நானே அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்ட விளக்கக் கடிதத்தையும் திரும்பப் பெறும்படி நிர்வாகத்திடம் நீங்களே சொல்ல வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வார்டு இன்சார்ஜ்