திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, எப்படி வரப்போகிறோம்?

22.07.2022

அன்பான பெற்றோருக்கு,

இலங்கை முழுக்க எரிபொருள் தட்டுப்பாட்டால் மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தை வருகிற திங்கட்கிழமை, 25ஆம் திகதி திறக்கிறோம். திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாள் மட்டும்தான், காலை 7.30 முதல் 1.30 வரை. கிழமைகளைத் தீர்மானித்தது கல்வி அமைச்சு, நான் இல்லை, அதனால் ஏன் புதன்கிழமை இல்லை என்று கேட்டு எனக்கு போன் எடுக்க வேண்டாம். மற்ற எதற்கும் எடுக்கலாம். இந்த வாரம் வந்த அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "சேர், பெற்றோல் இல்லை, பிள்ளையை எப்படி அனுப்புறது?" அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். நடக்கிற தூரத்தில் இருக்கிற பிள்ளை நடக்கட்டும், சைக்கிள் ஓடத் தெரிந்த பிள்ளை சைக்கிளில் வரட்டும், மற்றவர்கள் வானிலும் பஸ்ஸிலும் வரட்டும். மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து விடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். ஏன் என்று ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் வீடு 6 கிலோமீற்றர் என்று வையுங்கள். காலையில் விட்டுவிட்டுத் திரும்பி, மத்தியானம் வந்து ஏற்றிக்கொண்டு போனால் நாளுக்கு 24 கிலோமீற்றர், மூன்று நாளுக்கு 72. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடுகிற நல்ல மோட்டார் சைக்கிளுக்கே கிட்டத்தட்ட 1.8 லீற்றர் முடியும். எரிபொருளைப் பங்கிட்டுத் தருவதற்குப் புதிதாக வருகிற கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். பாதிக்குக் கிட்ட என்னுடைய கேற்றடியிலேயே எரிந்து போகும். காசாகப் பார்த்தால், போன ஞாயிறு இரவு 20 ரூபாய் குறைத்தபிறகும் லீற்றர் 450, ஆகவே வாரத்துக்கு 800 ரூபாய்க்கு மேல். தை மாதம் இதே லீற்றர் 177 ரூபாயாக இருந்தது என்பதை நினைக்காமல் இருப்பது நல்லது. மேசன் வேலைக்குப் போகிறவர், மீன் வியாபாரத்துக்குப் போகிறவர், வயலுக்குப் போகிறவர் எல்லாரும் எங்கள் பெற்றோர்தான். அந்த 4 லீற்றரை உங்கள் தொழிலுக்கு வையுங்கள்.

இதில் வரிசையில் நிற்கிற செலவை நான் இன்னும் சேர்க்கவில்லை. ஆனி கடைசியில் நானும் ஒரு பெற்றோல் செட்டில் நின்றேன், பெயர் வேண்டாம். துண்டில் இலக்கம் எழுதித் தந்தார்கள், 212. முதல்நாள் பின்னேரம் போய், இரவு மோட்டார் சைக்கிளின் சீற்றிலேயே தலையைச் சாய்த்து, அடுத்தநாள் மத்தியானம் 170 சொச்சத்தில் "முடிஞ்சுது" என்று கயிறு கட்டினார்கள். எனக்கு மாதச் சம்பளம், அதனால் போனது தூக்கம் மட்டும்தான். எனக்கு முன்னால் நின்றவர் நாட்கூலிக்காரர், அவருக்கு இரண்டு நாள் கூலி போனது. அந்தக் காசுக்குப் பெற்றோல் என்ன விலை என்று அவரே விரலில் எண்ணிக் கணக்குப் பார்த்தார். சிலர் போத்தல் 1500, 2000 என்று கறுப்பில் வாங்குகிறீர்கள் என்றும் தெரியும். பள்ளிக்கூடத்துக்காக அப்படி வாங்காதீர்கள்.

வரிசைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் கிழமையைப் பார்த்துப் போங்கள். வாகன இலக்கத்தின் கடைசி 0, 1, 2 என்றால் செவ்வாயும் சனியும், 3, 4, 5 என்றால் வியாழனும் ஞாயிறும், 6 முதல் 9 வரை திங்கள், புதன், வெள்ளி. கவனித்தீர்களா, எந்த இலக்கமாக இருந்தாலும் பள்ளிக்கூடம் இல்லாத நாள் ஒன்றாவது உங்களுக்கு இருக்கிறது. அதில் நில்லுங்கள். பிள்ளையை வரிசையில் "இடம் பிடிக்க" நிறுத்திவிட்டு வேலைக்குப் போவதைப் போன மாதம் என் கண்ணாலே பார்த்தேன், தரம் 8 பிள்ளை, புத்தகப்பையோடு. ஏசுவதற்காகச் சொல்லவில்லை, வேறு வழி இல்லாமல்தான் செய்திருப்பீர்கள், ஆனால் திங்கட்கிழமையில் இருந்து அது வேண்டாம்.

அடுத்தது வான். எங்கள் பிள்ளைகளை ஏற்றுகிற வான்காரர் இருவருடன் செவ்வாய்க்கிழமை ஆலமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். ஒருவருடைய பழைய டீசல் வான், பிள்ளைகளை ஏற்றினால் லீற்றருக்கு 9 கிலோமீற்றர்தான் என்கிறார், அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு 180 கிலோமீற்றர். இப்போது அவர் ஒழுங்கை ஒழுங்கையாக உள்ளே போய் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் ஹோர்ன் அடித்து ஏற்றுவதால் ஒரு சுற்று 34 கிலோமீற்றர் வருகிறது. காலையும் மத்தியானமும், மூன்று நாளும் என்று பெருக்கினால் 204. ஓடாது. அவர் பிரதான வீதியை விட்டு இறங்காமல் ஏழு சந்திகளில் மட்டும் நிறுத்தினால் சுற்று 22 கிலோமீற்றராகக் குறைகிறது, வாரத்துக்கு 132, மிச்சத்தில் அவர் தன் வீட்டுக் காரியத்தையும் பார்க்கலாம். ஆகவே படலைக்கு வான் வராது, நீங்கள்தான் பிள்ளையைச் சந்திக்குக் கூட்டிவர வேண்டும். எந்தச் சந்தி, எத்தனை மணி என்பதை வகுப்பாசிரியர்கள் அனுப்புவார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வான் நிற்காது. கட்டணம் பற்றி எனக்கும் அவர்களுக்கும் இடையில் கொஞ்சம் சத்தம் கூடினது உண்மைதான், கடைசியில் மூன்று நாளுக்கு ஏற்றபடி வாங்குவதாக ஒத்துக்கொண்டார்கள். முழு மாதத்துக்கும் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் குறைந்த கட்டணம் 40க்குப் போய் இந்த வாரம் 38க்கு வந்திருக்கிறது. தை தொடக்கத்தில் அது 17. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், படிவம் அலுவலகத்தில் இருக்கிறது, அதுதான் இருப்பதில் மலிவு. தனியார் பஸ்ஸில் அது செல்லாது. சீசன் பிள்ளைகளைக் கண்டால் சில பஸ்கள் நிறுத்தாமல் போகின்றன என்று முறைப்பாடு வந்திருக்கிறது, நேரத்தையும் பஸ் இலக்கத்தையும் எழுதித் தாருங்கள், நான் போய்ப் பேசுகிறேன். எழுதித் தராமல் "எப்பவும் இப்படித்தான் சேர்" என்றால் நான் போய் என்னத்தைச் சொல்வது?

இப்போது சைக்கிள். புதுச் சைக்கிள் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, கடையில் கேட்டேன், 60,000க்கு மேல் சொல்கிறார்கள், அதற்கும் காத்திருக்க வேண்டுமாம். ஆனால் வீட்டுக் கோடியில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்று சாய்ந்து கிடக்கும், பாருங்கள். அம்மம்மாவுடைய லேடீஸ் சைக்கிளாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய சைக்கிளில் வரப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள் என்று இரண்டு தாய்மார் சொன்னார்கள். நான் படித்த காலம் தொண்ணூறுகள். போர்க்காலத்தில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் கிடையாது, அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடும், குழந்தைப்பிள்ளை பால் குடிக்கிற சூப்பிப் போத்தலில் ஒளித்துவைத்த பெற்றோலில் இரண்டு சொட்டைக் காபரேற்றருக்குள் பீச்சி, பத்துத்தரம் உதைத்தால் ஒருதரம் ஸ்டாட் வரும், ஒழுங்கை முழுக்கப் புகை. அதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் ஒரு பெருமையும் தெரியவில்லை, நாங்கள் பட்டதைப் பிள்ளைகளும் படவேண்டும் என்று என்ன சட்டம்? ஆனால் அப்போது எங்கள் அதிபரும் சைக்கிள், டொக்டரும் சைக்கிள், ஒருவரும் ஒருவருடைய சைக்கிளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை நானும் சைக்கிளில்தான் வருகிறேன். போன வாரம் ஒத்திகை பார்த்தேன், பதினைந்து வருடத்துக்குப் பிறகு. ரயில் கடவையில் காற்சட்டைக் கால் செயினுக்குள் போய் விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. ஆகவே காற்சட்டைக்கு ரப்பர் வளையம் போடுங்கள்.

வகுப்புக்கு வருகிறபோது பிந்தினால் கேற் பூட்டமாட்டோம். முதல் பாடவேளையை 8 மணிக்குத் தள்ளியிருக்கிறோம், அதற்கு முந்தி வருகிறவர்கள் வாசிப்பு. சப்பாத்து கடித்தால் செருப்போடு வரலாம், மாணவத் தலைவர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள், கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலம், காலையில் தெரியாது, 1.30க்கு வெயிலோடு சேர்த்து முகத்தில் அடிக்கும், தெற்குப் பக்கமாகப் போகிற பிள்ளைகளுக்கு உழக்குகிற பாடு இரண்டு மடங்கு. தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். காங்கேசன்துறை வீதியில் இரண்டு மூன்று பேராகச் சோடிபோட்டுக் கதைத்துக்கொண்டு வரவேண்டாம் என்று வீட்டிலும் சொல்லுங்கள், முடிந்த இடத்தில் உள் ஒழுங்கைகளால் வரட்டும். தரம் 6, 7 பிள்ளைகளைத் தனியே விடாமல் அதே ஊர் உயர்தர வகுப்புப் பிள்ளையோடு சேர்த்துவிடுகிறோம்.

சைக்கிள்கள் பழைய மண்டபத்துக்குள் நிற்கும், பூட்டு இல்லாமல் விடவேண்டாம், ஊரில் சைக்கிள் களவு கூடியிருக்கிறது. பழைய மாணவர்கள் இரண்டு காற்றடிக்கிற பம்ப் வாங்கித் தந்திருக்கிறார்கள். ஒட்டுப்போட விளையாட்டு ஆசிரியருக்குத் தெரியும், பழைய ரியூப் துண்டு இருந்தால் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், அது இப்போது தங்கம் மாதிரி. அதோடு, சைக்கிள் உழக்குகிற பிள்ளைக்குப் பசிக்கும். வீட்டில் காலையில் ஒன்றும் இல்லை என்றாலும் அனுப்புங்கள், இடைவேளைக்கு இலைக்கஞ்சி இருக்கிறது, யார் வீட்டில் சாப்பிட்டது யார் சாப்பிடாதது என்று ஒருவரும் கேட்கமாட்டோம், எல்லாருக்கும் ஒரே வாளி.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு சொல். கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்தும் வடமராட்சியில் இருந்தும் வருகிறவர்கள் உங்களைவிடத் தூரம் வருகிறார்கள். ஒருவர் கைதடியில் இருந்து சேலையோடு சைக்கிள் உழக்கி வருகிறார், முந்தானையை இடுப்பில் செருகி, கரியலில் கொப்பிக் கட்டு. அதனால் நேரசூசியை மாற்றி, தூர இடத்து ஆசிரியர்களுக்கு இரண்டு நாளில் இரட்டைப் பாடவேளை போட்டிருக்கிறேன். "கணக்கு ரீச்சர் செவ்வாய் வரேல்லை" என்று கேற்றடியில் நின்று சத்தம் போடவேண்டாம், அன்றைக்கு அவருக்குப் பாடம் இல்லை.

புதனும் வெள்ளியும் ஸூம் வகுப்பு வைக்கப் போவதில்லை. மின்வெட்டுக்குள் டேட்டாவுக்குக் காசு கட்டி, பிள்ளை பாதி வகுப்பில் "சேர் கேக்குதா" என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. பேப்பரும் இல்லாதபடியால் அச்சடித்தும் தர முடியாது. செவ்வாயும் வியாழனும் கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள், பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு வரும், நீங்கள் அதைத் திறந்து பார்த்தால் போதும்.

உங்கள் வீட்டில் ஒருவரும் ஓடாத சைக்கிள் மேலதிகமாக இருந்தால் ஞாயிறு பின்னேரத்துக்குள் வகுப்பாசிரியருக்கு அறிவியுங்கள். இல்லாதவர்களும் அறிவியுங்கள், வெட்கப்பட வேண்டாம், யாருக்கு யாருடையது கொடுத்தோம் என்று பலகையில் எழுதமாட்டோம். இதுவரை ஒன்பது சைக்கிள் வந்திருக்கிறது, கேட்டிருப்பவர்கள் இருபத்துமூன்று பேர்.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு.: வந்த ஒன்பதில் ஒன்று பச்சை நிறம், மணி இல்லை, முன் பிறேக் பிடிக்காது. யாரிடமாவது பழைய பிறேக் கட்டை ஒரு சோடி இருக்குமா?