வண்டியில் சமையல்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அக்கா, அண்ணன்மார், மாமா, மாமிமார் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்கா டர்பனில் எங்களிடம் மோட்டார்ஹோம் (அடுப்பும் படுக்கையும் உள்ள வீட்டு வண்டி) எடுத்து ஊர் சுற்றப் போகும் குடும்பங்களுக்கு இந்த மடல். வாடகை கொஞ்சம் கூடுகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். அதோடு, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் எங்களைப் பற்றிச் சுற்றும் பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

வாடகையை முதலில் முடித்துவிடுகிறேன். டீசல், டயர், காப்பீடு எதுவும் போன வருட விலையில் இல்லை. சமையல் கேஸுக்கு அரசாங்கம் மாதாமாதம் உச்ச விலை அறிவிக்கிறது. நாங்களோ வருடத்துக்கு ஒரு தடவைதான் வாடகையை மாற்றுகிறோம். நடுவில் ஏறியதெல்லாம் எங்கள் கையிலிருந்துதான் போனது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு நாளைக்கு 150 ராண்ட் கூடும், 15 சதவீத வாட் வரியும் அதற்குள் அடக்கம். முன்பணம் கட்டிவிட்டவர்களுக்குப் பழைய வாடகைதான்.

இன்னொன்று. ஒவ்வொரு வண்டியிலும் மசாலாப் பெட்டி ஒன்று நிரப்பி வைத்துக் கொடுப்போமே, அதில் இனி மசாலா இருக்காது. அந்தப் பெட்டியை நிரப்பிக் கொடுத்த அக்கா மகளோடு இருக்க ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டார். மிளகாய்த்தூளை அவரே வறுத்து இடித்துச் சேர்ப்பார். கடைத்தூளை வாங்கி நிரப்பி அதே பெட்டி என்று உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டு மசாலாவை நீங்களே கொண்டு வாருங்கள். பெட்டியும் கரண்டியும் பழைய இடத்திலேயே இருக்கும்.

இனி அடுப்பு விஷயம்.

"நம்மாள்தான் வண்டி விடுகிறான், ஆனால் நம்ம சாப்பாட்டைச் சமைக்க விடமாட்டேன் என்கிறான். மசாலா வாடைக்குத் தனிக் காசு பிடிக்கிறான்." இதுதான் சுற்றுகிற பேச்சு. வாடகை ஏறியதற்கு நீங்கள் திட்டினால் கேட்டுக்கொள்வேன். இதை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே இதே சொல்லை இன்னொருவர் வாயால் கேட்டதால்தான். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வேறோர் இடத்தில் வண்டி எடுத்தோம். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, உள்ளே தலையை நீட்டிப் பார்த்த ஆள் 'கறி வாடை' என்று சொல்லிக் கட்டிய பணத்தில் பிடித்துக்கொண்டார். நாங்கள் சமைத்தது பருப்பும் சோறும். அன்றைக்கு என் மனைவி முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. நம் வீட்டுச் சமையலை நம் பெண்கள் கூச்சமில்லாமல் சமைத்துக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும் என்று ஆரம்பித்தது இது. அப்படிப்பட்ட எங்களைப் பார்த்து இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

நடந்தது இதுதான். எந்தக் குடும்பம் என்று சொல்லமாட்டேன், அவர்கள் இன்னமும் எங்கள் மரியாதைக்குரிய வாடிக்கையாளர்கள். ஜூன், ஜூலையில் தென்கரையில் மத்தி மீன் கரையேறுவது உங்களுக்குத் தெரியும். ஸ்காட்பர்க், மார்கேட் பக்கம் போன யாருக்கும் அந்த மீனைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வர மனம் வராது. வெளியே காற்று அடித்ததால் அவர்கள் வண்டிக்குள்ளேயே வாணலி நிறைய எண்ணெய் வைத்துப் பொரித்திருக்கிறார்கள். மணல் பறந்து வரும் என்று கூரைச் சன்னலையும் மூடியிருக்கிறார்கள். அந்தச் சன்னல் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் மூடி சூட்டில் வளைந்து, திரும்பப் பொருந்தவே இல்லை. கொசுவலையின் கண்கள் எல்லாம் எண்ணெய் கட்டி மஞ்சளாக அடைத்திருந்தன. விரலால் தொட்டால் மெழுகு மாதிரி ஒட்டியது. அந்த மூடிக்கும் வலைக்கும்தான் 1,850 ராண்ட் பிடித்தோம். ரசீதிலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தோம். வாடைக்கு ஒரு காசும் பிடிக்கவில்லை. மெத்தை உறைகளைக் கழற்றித் துவைத்தது, வண்டியை முற்றத்தில் திறந்து போட்டுக் காயவிட்டது, எல்லாம் எங்கள் செலவு.

அதற்குப் பின்னால் அந்த வண்டியை எடுக்க இருந்தவர்கள் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற விரதம் இருந்த குடும்பம். அவர்களை ஏற்றி அனுப்ப மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, வேறு வண்டி கொடுத்தோம். வீட்டில் பாத்திரத்தைப் பிரித்து வைக்கிறோம், விரத நாளில் அடுப்பைக் கழுவிய பிறகுதான் பற்ற வைக்கிறோம். வாடகை வண்டியில் ஏறும் அம்மாவுக்கும் அதே மரியாதை வேண்டாமா? புரட்டாசி வருகிறது. எப்போதும் போல இரண்டு வண்டிகளில் அசைவம் அறவே கிடையாது. அவற்றின் பாத்திரம், பலகை, கத்தி எல்லாம் தனி. வேண்டும் என்பவர்கள் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆகவே புது ஏற்பாடு இவ்வளவுதான்: பொரிப்பதும் மீன் வறுப்பதும் வண்டிக்கு வெளியே. அதற்காகவே ஒவ்வொரு வண்டியிலும் பந்தல் துணிக்கு அருகில் வைக்க ஒற்றை அடுப்பும், காற்றுத் தடுப்புத் தகடும், நீளமான ரப்பர்க் குழாயும் புதிதாக வைத்திருக்கிறோம். இவற்றுக்கு வாடகை கிடையாது. சோறு, பருப்பு, ரசம், சுகர் பீன்ஸ் பயறுக் கறி, ரொட்டி, ஆட்டுக்கறிக் குழம்பு, தேநீர் எல்லாம் உள்ளேதான். தாளிக்கவும் தாளிக்கலாம். கூரைச் சன்னலைத் திறந்து விசிறியைப் போட்ட பிறகு கடுகைப் போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம்.

கேஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு உண்மையாகவே பயம் உண்டு. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அதனால்தான் வண்டித் தரையில் வலை போட்ட ஓட்டைகள் வைத்திருக்கிறது. குளிர் வருகிறது, பூச்சி வருகிறது என்று அவற்றில் துணி அடைத்த வண்டிகள் எங்களிடம் திரும்பி வந்திருக்கின்றன. தயவுசெய்து அடைக்காதீர்கள், பாயும் போடாதீர்கள். ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் ஜூலைக் குளிரில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் படுக்கவே கூடாது. மூடிய வண்டிக்குள் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாது. கம்பளி எத்தனை வேண்டுமானாலும் கேளுங்கள், கொடுக்கிறோம்.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பருப்பு வேகவில்லை, அடுப்பு சரியில்லை என்று போன் வருகிறது. அடுப்பில் குறையில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் வேக நேரம் பிடிக்கும். குக்கர் கொண்டு போங்கள். பீன்ஸை டர்பனில் கிளம்பும்போதே இறுக்க மூடிய டப்பாவில் ஊறப் போட்டால் ராத்திரிச் சமையலுக்கு ஊறியிருக்கும், கேஸும் மிச்சம். தோசை மாவைப் பாதி டப்பாவுக்கு மேல் நிரப்பாதீர்கள். கரையோர வெக்கையில் அது பொங்கி அலமாரி முழுக்க வழிந்ததை எங்கள் பையன்கள் பல தடவை துடைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகை. வண்டி சரிவில் நின்றால் சரியாகக் குளிராது, சமதளம் பார்த்து நிறுத்துங்கள். முகாமில் மின்சாரம் எடுத்தால் கெட்டிலையும் இண்டக்ஷன் அடுப்பையும் சேர்த்துப் போடாதீர்கள், டிரிப் ஆகிவிடும். குரங்கு இருக்கும் இடத்தில் ரொட்டியைச் சன்னலோரம் ஆற வைக்கவும் வேண்டாம். எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். குளிரில் அந்த எண்ணெய் கழிவுநீர்த் தொட்டிக் குழாயில் உறைந்து நின்றுவிடுகிறது.

எங்களோடு பல வருடமாக வருகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. லாக்டவுனில் பதிவை ரத்து செய்யாமல் தள்ளி வைத்து, கட்டிய பணத்தை எங்களிடமே விட்டு வைத்தீர்கள். அந்தப் பணத்தில்தான் எங்கள் பையன்களுக்குச் சம்பளம் போட்டோம். கேப்டவுன் வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய், வழியில் தங்கிய இடத்தில் கண்ட கோளாறையெல்லாம் தாளில் எழுதி, திரும்பும்போது அப்பளக் கட்டோடு சேர்த்துக் கொடுத்த மாமி, இதைப் படித்தால் உங்களைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்வீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் இன்று எல்லா வண்டியிலும் அஞ்சறைப் பெட்டி உருளாமல் இருக்கச் சட்டம் அடித்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் நன்றி. சண்டை வேண்டாம், இந்த மடலை அங்கே போட்டால் போதும். வைப்புத்தொகை இனி 5,000 ராண்டுக்குப் பதில் 7,500 ஆக இருக்கும், வண்டி திரும்பி 14 நாளில் கணக்குக்கு வந்துவிடும்.

சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வாருங்கள். வளைந்த அந்த மூடியை அலுவலகத்தில் எடுத்து வைத்திருக்கிறோம், புது அடுப்பையும் பற்ற வைத்துக் காட்டுகிறோம். சனிக்கிழமை மதியம் வரை திறந்திருப்போம். டிசம்பர் விடுமுறைக்குப் பதிவு தொடங்கிவிட்டது. பெரிய வண்டிகளில் இரண்டு மட்டும்தான் மிச்சம். 3,500 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு ஓட்டுபவரிடம் சி1 லைசென்ஸ் இருக்க வேண்டும். அதைக் கையில் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மோட்டார்ஹோம் வாடகை நிலையத்தார்,
டர்பன்