'முரண்' என்று எழுதிய மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவ மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். என் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. பழைய கதையை மறுபடியும் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கோப்பின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் என்னை எழுத வைக்கிறது: 'அறிகுறிகள் முன்னுக்குப் பின் முரணாக உள்ளன.' மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான முதல் விண்ணப்பத்தில் வலது கண், அடுத்ததில் இடது கால், இப்போது விரல்களில் மரமரப்பு. ஒரே ஆளுக்கு இத்தனை விதமாக எப்படி வரும் என்பது உங்கள் ஐயம். அந்த வரியை நீக்குங்கள். ஒருநாள் காலையில் பார்த்ததை மட்டும் வைத்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள எங்களை அளக்காதீர்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இத்தனை விதமாகத்தான் வரும். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. எந்த இடத்தில் உறை சிதைகிறதோ அந்த இடத்தின் வேலை கெடுகிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்நோயை உறுதிசெய்வதற்கான மெக்டொனால்டு அளவுகோல்கள் 2001இல் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் பாதிப்பு நேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவற்றின் அடிப்படையாக இருந்துவந்திருக்கிறது. எதை வைத்து என் மருத்துவர் எனக்கு இந்த நோய்தான் என்று முடிவுக்கு வந்தாரோ, அதையே வைத்து நீங்கள் எனக்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்தேன். 'பார்வை இயல்பு' என்று குறித்தீர்கள். உண்மைதான். பார்வை நரம்பில் அழற்சி வந்தபோது விழியை அசைத்தாலே வலித்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் திரை. சில வாரங்களில் எழுத்து திரும்பிவிட்டது. பெரும்பாலானோருக்குத் திரும்பும். நிறம் திரும்பவில்லை. நீங்கள் சிவப்பு மையில் எழுதிய அந்த வரியையே வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சிவப்பாகத் தெரிகிறது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பலமுறை துவைத்த துணியைப் போல் வெளிறியிருக்கிறது. வெளிச்சம் மங்கினால் படிக்கட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை. கால் விரலால் தடவிப் பார்த்துத்தான் இறங்குகிறேன். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பலகை, நல்ல வெளிச்சம் என்ற ஏற்பாட்டில் இது எதுவும் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றார் உங்களில் ஒருவர். சொல்லவில்லை.

கால் கதையும் அப்படித்தான். குளிரூட்டிய அறையில், உட்கார்ந்து களைப்பாறிய பிறகு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நடக்கச் சொன்னீர்கள்; நடந்தேன். உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே உறையிழந்த நரம்பில் செய்தி தடைபடக்கூடும். உடல் உழைப்பு பார்வையைச் சற்று நேரம் மங்கவைப்பதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890இலேயே எழுதிவிட்டார்; ஏறும் உடல் வெப்பம்தான் காரணம் என்பது பிறகு தெரியவந்தது. அந்தச் செய்தி உங்கள் அறைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும். வாசலைத் தாண்டி வெயிலில் கொஞ்ச தூரம் போனதும் பாதம் தொங்கி, செருப்பின் முனை தரையைத் தேய்க்கத் தொடங்கியதை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று உங்கள் விதியும் சொல்லவில்லை.

வெப்பத்தால் வருவது குளிர்ந்ததும் தணிந்துவிடும். அதைப் புதிய தாக்குதல் என்று நானும் சொல்லவில்லை. புதிய தாக்குதல் என்றால் காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில் அறிகுறி குறைந்தது 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்பது வரை பார்த்த பிறகுதான் என் மருத்துவரே இது எந்த வகை என்று முடிவு செய்கிறார். உங்கள் படிவத்திலோ 'நிரந்தரம்', 'தற்காலிகம்' என்று இரண்டே கட்டங்கள். எங்கள் நோய் இரண்டிலும் அடங்காது. ஸ்டீராய்டு ஏற்றிய பிறகும் ஏன் குணமாகவில்லை என்று வேறு கேட்டீர்கள். ஸ்டீராய்டு மீட்சியை விரைவுபடுத்தும். கடைசியில் எவ்வளவு மீளும் என்பது அதன் கையில் இல்லை.

ஒன்று செய்யலாம். குழு கூடும் தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு, போன தடவை வந்த அதே காலில் வந்து நிற்கும்படி நோயிடம் சொல்லிப் பார்க்கிறேன். பரிசோதனையின்போது கண்ணில் படாதது இல்லவே இல்லை என்று முடிவுகட்டும் பழக்கம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. அலுவலகத்தில் மேலாளர், வீட்டில் உறவினர், பஸ்ஸில் இருக்கைக்காக முறைப்பவர் என எல்லோருக்கும் ஒரே பாட்டு: "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" அவர்கள் மருத்துவம் படிக்கவில்லை. நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

கோபம் சற்று எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவுடன் மறுபடியும் கேட்கிறேன்: அந்த வரியை நீக்குங்கள். எனக்காக மட்டும் கேட்கவில்லை. தாக்குதலும் தணிவுமாக வரும் நோய் உள்ள எவரையும் ஒருநாள் பரிசோதனையால் தீர்மானிக்காமல், சிகிச்சையளிக்கும் நரம்பியல் மருத்துவரின் தொடர் பதிவுகளையும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளையும் சேர்த்துப் படியுங்கள். படிவத்தில் 'ஏறி இறங்கும் நிலை' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் சேருங்கள். களைப்புக்கும் நிற வேறுபாட்டுக்கும் தலா ஒரு கேள்வி வையுங்கள். என்னை மறுபடியும் அழைப்பதாக இருந்தால் பிற்பகலில் அழையுங்கள். நடக்கச் சொல்வதை வந்தவுடனேயே சொல்லுங்கள், களைப்பாறிய பிறகு வேண்டாம். பதிவேடுகளை நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் 'முரண்' என்று குறிக்கப்பட்டிருக்கும் விண்ணப்பதாரர்