விடுமுறையின் முதல் பத்து நாட்களை எங்களிடமே விட்டுவிடுங்கள்

பள்ளி நிர்வாகிகளுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

21 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். போன ஆண்டு விடுமுறை தொடங்கிய மறுநாளே காய்ச்சலில் படுத்தேன். அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். தேர்வு நடந்த வாரங்களில் ஒரு தும்மல்கூட வரவில்லை. கடைசி விடைத்தாள் கட்டை எண்ணி ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உடம்பு சாய்ந்துவிட்டது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, "எனக்கும் இதே கதைதான்" என்று நாலைந்து குரல்கள் வந்தன.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1991இல் ஒரு ஆய்வில் உடல்நலத்தோடு இருந்த 394 பேரின் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார்கள். மன அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களைத்தான் தொற்று அதிகம் பிடித்தது. ஓய்வு கிடைத்ததும் சிலருக்கு உடம்பு படுத்துவதை நெதர்லாந்தின் உளவியலாளர் ஆட் விங்கர்ஹூட்ஸும் ஆராய்ந்திருக்கிறார். ஆக, விடுமுறையின் முதல் சில நாட்கள் எங்களில் பலருக்கு ஓய்வே இல்லை. ஓராண்டின் களைப்பு இறங்கும் நேரம் அது.

அந்த நாட்களில்தான் பள்ளியின் வாட்ஸ்அப் குழு ஒலிக்கிறது.

காய்ச்சல் விட்ட நாலாம் நாள் எனக்கு வந்தது இரண்டே வரி. ஒரு மதிப்பெண் பட்டியலை வேறு படிவத்தில் மாற்றி, மாலைக்குள் அனுப்ப வேண்டும். வேலை என்னவோ இருபது நிமிடந்தான். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பட்டியலில் இரண்டு பாடங்களில் தோற்றிருந்த ஒரு பையனின் பெயர் கண்ணில் பட்டது. அவனுடைய அம்மாவிடம் பேசியிருக்கலாமோ, அரையாண்டிலேயே கவனித்திருக்கலாமோ என்று மனம் மறுபடி வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே கொண்டுவர எனக்கு இன்னும் மூன்று நாள் பிடித்தது. நீங்கள் கணக்குப் பார்ப்பது இருபது நிமிடத்தை. தயவுசெய்து அந்த மூன்று நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

வேலைக்களைப்பிலிருந்து மீள்வதை நெடுநாள் ஆராய்ந்த சபீனே சோனன்டாக், 2007இல் சார்லட் ஃப்ரிட்ஸோடு எழுதிய கட்டுரையில் நான்கு விஷயங்களைச் சொன்னார்: வேலையின் நினைப்பு முற்றிலும் விலகுவது, உடலும் மனமும் தளர்வது, புதிதாக ஏதாவது கற்று அதில் தேறுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது. எப்போது ஒலிக்குமோ என்று பார்த்திருக்க வைக்கும் ஒரு கைப்பேசி, முதலாவதையும் கடைசியையும் ஒரே அடியில் பறித்துவிடுகிறது.

அப்புறம், குரல். எங்கள் தொழிலின் கருவி அதுதான், தேய்வதும் அதுதான். நாள் முழுக்க இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசிக் குரல்நாண்களில் முடிச்சு விழுந்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நிறையத் தண்ணீர் குடிப்பதும், குரலை உயர்த்தாமல் இருப்பதும், பேச்சைக் குறைப்பதும்தான் முதல் கவனிப்பு. கிசுகிசுப்பாகப் பேசினாலும் தொண்டை சிரமப்படும். விடுமுறையின் இரண்டாம் நாளே இணையவழிப் பயிற்சி வைத்து, ஒவ்வொருவராகப் பேசச் சொன்னால் தொண்டை எப்போது ஆறும்?

எங்கள் பங்கும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நண்பகல் வரை தூங்கி உறக்க நேரத்தைக் குலைக்காமல் இருப்பது, ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்ட கண், பல், இரத்த அழுத்தப் பரிசோதனைகளை முடிப்பது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை வேக நடையாகவாவது தொடங்குவது எல்லாம் நாங்கள்தான் செய்ய வேண்டும். செய்கிறோம். ஆனால் இதே நிறுவனம் 2019இல் தொழில்சார் சோர்வை விளக்கியபோது, அது சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றது. பணியிடம் என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எவ்வளவு நடந்தாலும் பணியிடத்தை மாற்ற என்னால் முடியாது, உங்களால் முடியும்.

முடிவுகள் வெளியிட வேண்டும், சேர்க்கை நடக்க வேண்டும், சரி. இந்த வேலைகள் எந்தத் தேதியில் வரும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தவிர்க்க முடியாத பணிக்கு முறைவைத்து ஒருவரை அமர்த்துங்கள். அவருக்கு ஈடாக வேறு நாட்களில் விடுப்புக் கொடுங்கள். பயிற்சிகளைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்துங்கள். முதல் பத்து நாட்கள் குழுவில் யாரும், நீங்களும், எதுவும் பதிவிட முடியாதபடி மூடிவையுங்கள். பிரான்சில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று 2017 முதல் சட்டமே இருக்கிறது. ஆசிரியர்களுக்கு முழுச் சம்பளத்தோடு போதிய ஆண்டு விடுமுறை வேண்டும் என்று 1966லேயே யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து பரிந்துரைத்திருக்கின்றன. நான் கேட்பது அதற்குள் வெறும் பத்து நாள்.

அடுத்த விடுமுறைக்கான சுற்றறிக்கையை நீங்கள் இன்னும் எழுதியிருக்க மாட்டீர்கள். அதன் முதல் வரியிலேயே இந்தப் பத்து நாட்களைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வகுப்பாசிரியர்