களத்தில் பதில் சொன்னவர்களுக்கும் நூலகத்தில் வழி காட்டியவருக்கும்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். நாற்பத்து மூன்று வயதில் தொலைநிலைக் கல்வியில் மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விவசாயிகள் காத்திருக்க நேர்வதைப் பற்றிய என் ஆய்வேடு இந்த மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுத வைத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

வழிகாட்டி ஐயா, முன்னாய்வுகள் பற்றிய அத்தியாயத்தை முதன்முறை உங்களிடம் தந்தபோது, இணையத்தில் கிடைத்த பத்திகளை எடுத்து, சொற்களை மட்டும் மாற்றிக் கோத்திருந்தேன். அது தவறு என்றே எனக்குத் தெரியாது. நோட்ஸைப் பார்த்து எழுதியே தேறிய தலைமுறை நாங்கள். நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. பதினோரு இடங்களில் பென்சிலால் "யார் சொன்னது?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தீர்கள். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன நடவடிக்கை என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்வதைப் பிறகுதான் விளக்கினீர்கள். விதியைவிட அந்தப் பென்சில் கேள்விதான் என்னைத் திருத்தியது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயைக்கூடப் பேரேட்டில் ஏற்றாதவள் நான். வாக்கியத்துக்கும் ரசீது வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அந்த ரசீதைத் தேடக் கற்றுக்கொடுத்தவர் நூலகர் அக்கா. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் பிறருடைய ஆய்வேடுகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. அதில் ஆசிரியர், ஆண்டு, பக்க எண். "படித்தாகிவிட்டதா? இப்போது புத்தகத்தை மூடிவிட்டு எழுது" என்பார். மூடிய பிறகு எழுத வராதவை எனக்குப் புரியாதவை என்று தெரிந்துகொண்டேன். நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. அதைச் சொல்லித்தான், உழவின் பெருமையைப் பாடிய என் முதல் இரண்டு பக்கங்களை அக்கா எடுக்கச் சொன்னார். மனம் வலித்தாலும் எடுத்துவிட்டேன். ஆய்வேடு நிமிர்ந்தது.

களத்தில் கற்றதுதான் அதிகம். சம்பா அறுவடையின்போது, தை மாதத்தில் வினாத்தாளோடு போனேன். "கொள்முதல் தாமதத்தால் நீங்கள் எந்த அளவுக்கு அவதிப்படுகிறீர்கள்?" என்பது என் முதல் கேள்வி. நெல் குவியலருகே உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "அவதிப்படுகிறேன் என்று நீயே எழுதிக்கொண்டு வந்துவிட்டாயே அம்மா, நான் எதற்கு?" என்றார். பாடநூலில் பலமுறை படித்தும் மண்டையில் ஏறாத பாடம் அது. வீட்டுக்கு வந்து வினாத்தாள் முழுவதையும் மாற்றினேன்.

ஒரு கருத்தோடு எந்த அளவுக்கு உடன்படுகிறோம் என்று கேட்கும், உளவியலாளர் லிக்கர்ட் 1932இல் வெளியிட்ட ஐந்து படி அளவுகோலையும் வைத்திருந்தேன். "ஓரளவு உடன்படுகிறேன்" என்பதற்கும் "முழுமையாக உடன்படுகிறேன்" என்பதற்கும் களத்தில் யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. 40 கிலோ சிப்பங்களை அடுக்கிவிட்டு மூச்சு வாங்க நின்ற சுமை தூக்கும் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார்: "எத்தனை இரவு நெல்லோடு படுத்தீர்கள் என்று கேளுங்கள்." அந்த ஒரு கேள்விக்கு எல்லோரும் யோசிக்காமல் பதில் சொன்னார்கள். காத்திருப்பை அளக்க அதைவிட நேர்மையான அளவு எனக்குக் கிடைக்கவில்லை. பனியில் நெல் காயாமல், வழக்கமான வரம்பான 17 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கு இறங்க எத்தனை நாள் ஆயிற்று, சாக்கு வர எத்தனை நாள், எடை போட எத்தனை நாள் என்று அந்த இரவுகளைப் பிரித்து எழுத முடிந்தது.

நான் பேசியது சில கிராமங்களில் மட்டுமே. டெல்டா முழுவதற்கும் இது பொருந்தும் என்று எழுதக் கை துடித்தது. ஐயா விடவில்லை. வரம்புகள் என்று தனியாக ஒரு பகுதி எழுத வைத்தார். என் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இப்போது அதுதான்.

என் ஆங்கிலத்தை இரவு பத்து மணிக்கு மேல் திருத்திய மகளுக்கும், அந்த நேரத்தில் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட அவளுடைய அப்பாவுக்கும் நன்றி.

ஆய்வேட்டின் ஒரு படியை நூலகர் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த அறுவடையின்போது இன்னொன்றைக் களத்துக்குக் கொண்டுவந்து தமிழில் படித்துக் காட்டுவேன். பெரியப்பா, நீங்கள் சொன்ன ஒன்பது இரவுகள் 41ஆம் பக்கத்தில் இருக்கின்றன.

நன்றியுடன்,
ஆலைக் கணக்கம்மா